முத்துத் துறையில் இறங்கிய கல்வி

தாமிரபரணியின் கழிமுகத்துக்குச் சற்று மேற்கே, ஏரலுக்கு அப்பால், கொற்கை என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெயரைக் கேட்டு ஆவலோடு அங்கே செல்பவர் முதலில் சிறிது ஏமாற்றமே அடைவார். வயல், வாழைத் தோட்டம், ஒரு குளம், வயது சொல்ல முடியாத ஒரு வன்னி மரம், அக்கசாலை ஈசுவரமுடையார் என்ற பெயரால் பழைய நாணயச் சாலையை நினைவூட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கோயில். கடல் எங்கே என்று கேட்டால் கிழக்கே கையைக் காட்டுவார்கள். நாலைந்து மைல் நடக்க வேண்டும். ஆறு ஆண்டாண்டாகக் கொணர்ந்து கொட்டிய வண்டல் பாண்டியரின் துறைமுகத்தை வயற்காடாக்கிவிட்டது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1877-ஆம் ஆண்டில் இங்கும் பழையகாயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்து, கிரேக்கர் எழுதிவைத்த துறை இதுதான் என்று உறுதி கூறினார்.

கிரேக்கர் எழுதியது என்ன? கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து தேசத்து வியாபாரி ஒருவர் செங்கடல் தொடங்கி நம் கரைவரை உள்ள துறைகளை வரிசையாகச் சொல்லும் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கைந்நூலைச் செய்தார். அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் ‘கொல்கை’யைப் பாண்டிய இராச்சியத்தின் முத்துத் துறை என்கிறார், முத்துக் குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் எழுதுகிறார். அடுத்த நூற்றாண்டில் தாலமி என்பார் தம் பூகோள நூலில் மன்னார் வளைகுடாவுக்கே கொற்கையின் பெயரைக் கொடுத்துவிட்டார். வடக்கே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை எண்ணும்போது தாமிரபரணியில் கிடைப்பதையும் பாண்டிய கவாடத்தில் கிடைப்பதையும் முதலில் வைக்கிறது.

இவ்வளவும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். முத்து போயிற்று, பொன் வந்தது என்று பாடத்தைச் சொல்லிவிட்டு மணி அடித்ததும் நாம் எழுந்துவிடுகிறோம். முத்தோடு அறிவும் போயிற்றா, பொன்னோடு அறிவும் வந்ததா என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை; கேட்கும்படி நாம் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. பண்டத்தை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டால் அது தானே போய்ச் சேரும். அறிவு அப்படிப் போய்ச் சேர்வதில்லை என்பதற்குத் தூத்துக்குடிக் கரையைக் காட்டிலும் நல்ல சாட்சி வேறு எங்கும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

எளிதாகப் போன ஒன்றை முதலில் சொல்லிவிடுவோம். அது ஒரு கட்டுக்கதை. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து ஏற்றுக்கொள்ள, அத்துளி முத்தாகிறது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வடமொழிக் கவிகளும் பாடியிருக்கிறார்கள். கி.பி. 79-இல் எரிமலை வெடித்தபோது உயிர்விட்ட ரோமாபுரிப் பண்டிதர் பிளினியும் இதையே எழுதுகிறார். மழைத்துளிக்குப் பதில் பனித்துளி, அவ்வளவுதான். 1257-இல் பாரசீகக் கவி சஅதி இயற்றிய ‘பூஸ்தான்’ என்னும் நூலிலும் கடலில் விழுந்து முத்தான மழைத்துளி வருகிறது. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று வழக்காடுவதால் பயன் இல்லை. முத்து சென்ற சந்தைகளிலெல்லாம் இக்கதையும் கூடவே சென்றது. ஆனால் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், பாரில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியைப் பறித்து வந்த குளியாளுக்குத் தெரியாதா, அங்கே மழையும் பனியும் எட்டாதென்று? கடையில் அமர்ந்து முத்தை வாங்கியவன் கடையில் சொன்ன கதையைக் கொண்டுபோனான். கடலுக்குள் இறங்கியவன் அறிந்தது கடலோரத்திலேயே தங்கிவிட்டது.

இதற்கு மாறாக ஒருவரைச் சொல்ல வேண்டும். கஜினி மாமூதின் காலத்தில் வாழ்ந்த அல்பிரூனி, 1030-ஆம் ஆண்டையொட்டி எழுதிய தம் இந்திய நூலில், சரந்தீபத்துக் கடலில் முன்னர் முத்துப் பார்கள் இருந்தன, இப்போது இல்லை. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சொபாலாவில் முத்து அகப்படவே, சரந்தீபத்து முத்துக்கள் அங்கே குடிபெயர்ந்துவிட்டன என்று ஜனங்கள் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். ‘ஜனங்கள் சொல்கிறார்கள்’ என்று பிரித்துச் சொன்ன அந்த எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். மன்னார்க் குடாவின் பார்கள் சில ஆண்டுகள் சிப்பியால் நிரம்புவதும், பிறகு பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடப்பதும் இக்கரையோர் என்றும் கண்டது. வெறும் வதந்தியாகத் தோன்றும் அவ்வாக்கியத்துக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது.

கதைக்கு அடுத்தபடி எளிதாகப் பயணம் செய்தவை சொற்கள். நாம் செந்தமிழ் என்று எண்ணி எழுதும் ‘மாலுமி’ அரபுச் சொல். ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு. அதன் பொருள் கற்பிப்பவன். கப்பலோட்டியையும் எம்மைப் போன்ற வாத்தியாரையும் அரபியர் ஒரே பெயரால் அழைத்தார்கள் என்பதில் நமக்கு ஒரு சிறு கர்வம் உண்டு. ‘சுக்கா’னும் அவர்கள் தந்ததே. நாமும் சும்மா இருக்கவில்லை. நம் தோணி அரபு மாலுமிகளின் கதைகளில் ‘தூனிஜ்’ ஆயிற்று. இரண்டு மரங்களைச் சேர்த்துக் கட்டும் நம் சங்காடத்தைப் பெரிப்ளூஸ் ஆசிரியர் ‘சங்கரா’ என்று எழுதிக்கொண்டார். முத்தைத் தரம் பிரிக்கும் வித்தையும் அப்படியே. சலாபத்து வியாபாரிகளிடம் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடைக்கு இருபது துளை, அடுத்ததற்கு முப்பது, பிறகு ஐம்பது, எண்பது, நூறு என்று ஏறி, கடைசிச் சல்லடைக்கு ஆயிரம் துளை. எந்தச் சல்லடையில் முத்துத் தங்குகிறதோ அதுவே அதன் அளவு. பிறகு வடிவமும் ஒளியும் பார்த்து அணி, வடிவு, கழிப்பு, தூள் என்று பெயரிட்டு, மஞ்சாடியாலும் கழஞ்சாலும் நிறுத்தார்கள். இலங்கைச் சலாபங்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய அறிக்கைகளில் இந்தத் தமிழ்ப் பெயர்கள் உருக்குலைந்த வடிவில் வரிசையாக இருக்கின்றன. பெயர்களை மாற்ற அவர்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை, முறையையும் மாற்றவில்லை.

இனி, கொடுக்க மனமில்லாமல் மறைத்துவைத்த அறிவின் கதைக்கு வருவோம். கொற்கை தூர்ந்த பிறகு அதன் வாழ்வெல்லாம் காயலுக்குப் போயிற்று. 1292-ஐ ஒட்டிச் சீனத்திலிருந்து கடல் வழியே திரும்பிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ‘காயில்’ என்று அதைக் குறிப்பிடுகிறார். அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சி. ஓர்மஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து நங்கூரமிட்டன. பாண்டிய நாட்டு அரசர் ஐவரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். காரணம், குதிரையைப் பேணும் முறை இங்கே தெரியவில்லை. அது மட்டும் அன்று: குதிரை வியாபாரிகள் இலாட வைத்தியர்களைத் தம்முடன் அழைத்து வருவதில்லை, வர விடுவதும் இல்லை என்கிறார் போலோ. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு மறுபடி விற்கலாம்!

பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் இதே வியாபாரத்தின் கணக்கைத் தருகிறார். கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவது. ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தினார். வழியில் கடலில் செத்தாலும் அதன் விலையைப் பாண்டியன் பொக்கிஷத்திலிருந்து கொடுத்துவிட வேண்டும். ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியனுக்கு மந்திரியாகவே இருந்தான் என்பதையும் சேர்த்துப் படித்தால் அவ்வுடன்படிக்கையின் அழகு விளங்கும்.

போலோ சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நம் நாட்டில் சாலிஹோத்திரர் பெயரால் அசுவ சாஸ்திரம் இருந்தது. பின்னாளில் அதைப் பாரசீக மொழியிலேயே பெயர்த்துக்கொண்டார்கள். ஆனால் சாஸ்திரம் ஏட்டில் இருப்பது வேறு, காயல் துறையில் புழுக்கம் தாளாமல் நுரை தள்ளும் குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த ஒருவன் இருப்பது வேறு. முத்து விற்ற பொன்னெல்லாம் அந்த ஒரு மனிதன் இல்லாத குறையால் கடல் கடந்து போயிற்று.

மறைக்காமலே, கண்ணெதிரே இருந்தும் ஏற்கப்படாத அறிவும் உண்டு. பாரசீக வளைகுடாவில் முத்துக் குளிப்போர் ஆமை ஓட்டாலான கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வதைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா குறிப்பிட்டிருக்கிறார். 1905-இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் கூடிய சலாபம் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அங்கே நம் கரைப் பரதவரும் கீழக்கரை, காயல் முஸ்லிம்களும் நூற்றுக்கணக்கான அரபியரும் அருகருகே மூழ்கினார்கள். அரபியர் கொம்பால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டி, இரு கைகளாலும் சிப்பி பறித்தார்கள். நம்மவர் கல்லில் கால் வைத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். பல நூற்றாண்டுப் பழக்கமிருந்தும் ஒருவர் முறையை மற்றவர் கைக்கொள்ளவில்லை. இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எளிது. கயிற்றைப் பிடித்துப் படகில் நிற்கும் மண்டக்கும் நீருக்குள் இருக்கும் குளியாளும் தந்தையிடம் பழகிய அசைவுகளை ஒரு நிமிஷ மூச்சுக்குள் செய்து முடிக்க வேண்டியவர்கள். உயிரை வைத்துப் புதுமை பார்க்க யாருக்குத்தான் துணிவு வரும்?

நம்பிக்கைகளின் போக்கு இன்னும் வேடிக்கையானது. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர்களைப் போலோ பிராமணர் என்கிறார். முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. இலங்கையில் உத்தியோகம் பார்த்த எமர்சன் டெனண்ட் 1859-இல் வெளியிட்ட தம் நூலில், அவ்வேலை ஒரு குடும்பத்துக்குப் பரம்பரை உரிமை என்றும், அப்போதைய தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்றும் எழுதுகிறார். மதம் மாறியது, கடல்கட்டியின் தொழிலும் கூலியும் மாறவில்லை, சுறாவுக்கு இரண்டும் ஒன்றே போலும்.

அப்படியானால் அறிவு எப்போதுதான் இடம் பெயர்ந்தது? ஒருவர் வந்து தங்கி, மற்றவர் பாஷையைக் கற்று, கூட உட்கார்ந்தபோதுதான். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துக்கள் அமைத்துக்கொண்டார்கள். இரண்டு மொழியும் வீட்டு மொழியாக இருந்தவர்களால்தான் அது முடியும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் காயலுக்கும் வந்தவை. 1409 என்று ஆண்டு குறித்து அவர் காலியில் நிறுவச் செய்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் இருக்கின்றன; தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்குக் காணிக்கை கூறுகிறது. 1911-இல் கண்டெடுத்த அக்கல் கொழும்பு அருங்காட்சிச் சாலையில் உள்ளது. அதைச் சீனத்திலேயே வெட்டிக் கொண்டுவந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அது சரியானால், அன்றைக்கு நான்கிங் நகரத்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் வாழ்ந்திருக்க வேண்டும். எந்த ஊர்க்காரரோ!

ஆயினும் இவ்விஷயத்தில் புன்னைக்காயலுக்கு ஈடாக இன்னோர் ஊரைச் சொல்ல முடியாது. தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் உள்ள பரதவர் கிராமம் அது. 1530-களில் போர்த்துக்கேசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவர் ஆயினர். அந்தப் பாதுகாப்பு இலவசமாக வரவில்லை. முத்தின் மேல் திறையும் கேட்டது, கோட்டைக்காரர் தொல்லையும் கூட வந்தது. 1542-இல் சவேரியார் வந்தார். ஜனங்களுடைய பாஷை இவருக்குத் தெரியாது. இவர் தாய்மொழியோ பாஸ்க். இரு மொழி தெரிந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து ஒப்புவித்தார். இரண்டாண்டு கழித்துத் தம் துணைவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்று சொல்லி வருகிறோம், அதற்கு ‘விரும்புகிறேன்’ என்றல்லவா பொருள், ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும் என்று. ஊர் ஊராக, ஆயிரக்கணக்கானவர் கடவுளை ‘நம்புகிறேன்’ என்பதற்குப் பதில் ‘வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மொழி தெரியாத உபதேசத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அவர் அனுப்பி 1547-ஐ ஒட்டி இக்கரைக்கு வந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். யூத வம்சத்தில் வந்த போர்த்துக்கேசியர். அதனாலேயே தம்மவரிடத்தில் சில கதவுகள் தமக்கு அடைபட்டதைக் கண்டவர். இவர் துபாஷியை நம்பவில்லை. பரதவரிடையே வாழ்ந்து, அவர்கள் பேச்சைக் காதால் கேட்டு, வினைச்சொற்கள் எப்படித் திரிகின்றன, வேற்றுமைகள் எப்படி ஏறுகின்றன என்று இலத்தீன் இலக்கண முறையில் வகுத்து எழுதினார். கைப்பிரதியாகவே லிஸ்பன் நூல்நிலையத்தில் கிடந்த அந்த இலக்கணம் 2013-இல் ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தின் வரிசையில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நன்னூலார் செய்யுள் மொழிக்கு விதி செய்தார். இவர் நூலிலோ பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரைப் பேச்சு அப்படியே பதிவாகியிருக்கிறது. இங்கே ஆசிரியர் யார், மாணாக்கர் யார்? ஹென்றிக்கஸுக்குப் பாடம் சொன்ன புன்னைக்காயல் மீனவரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. நம் சரித்திர நூல்களில் இது ஒரு பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம்.

பிறகு அச்சு வந்தது. கோவாவுக்கு 1556-இல் வந்திறங்கிய அச்சுப் பொறி உண்மையில் அபிசீனியாவுக்குப் போக வேண்டியது, வழியில் தங்கிவிட்டது. தமிழுக்கு ஈய எழுத்து வார்ப்பது எளிதா? கோவாவில் ஒரு தொகுதி வார்த்தார்கள். பிறகு கொல்லத்தில் மறுபடி வார்த்தார்கள். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆந் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது; பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் என்று அறிஞர் கொண்டாடுவது இதையே. புள்ளி இல்லை, ஏகார ஓகாரங்களுக்கு இரட்டைக் கொம்பு இல்லை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதியவர் புள்ளி வைப்பதில்லை. அதைப் பார்த்து வார்த்தவரும் வைக்கவில்லை. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1586-இல், 600 பக்கத்துக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’. இது புன்னைக்காயலிலேயே அச்சாயிற்று என்பது பெரும்பாலோர் முடிவு. அச்சு வேலைக்கு 400 குருசாதோ பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக் குளித்த பரதவர்கள். பொன்னுக்குக் குதிரை வாங்கிய அரசரையும், எழுத்துக்குப் பணம் கொடுத்த இந்தக் குளியாட்களையும் நேயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் கதை அங்கே வளரவில்லை, தேய்ந்தது. 1600-இல் ஹென்றிக்கஸ் காலமானார். அச்சு எழுத்து வெட்டும் வித்தை பாதிரிமார் கையை விட்டு நம் தட்டார், கருமார் கைக்கு வந்து குலத்தொழிலாகவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழ் அச்சுக்கூடம் வைக்க முற்பட்டபோது, எழுத்துக்களை ஜெர்மனியிலிருந்து புதிதாக வார்த்து வரவழைக்க வேண்டியிருந்தது. புன்னைக்காயலில் இருந்த அறிவு இருநூறு மைல் வடக்கே செல்லவில்லை. ஒருவர் இருவர் தலையில் மட்டும் தங்கும் வித்தைக்கு அவர்கள் ஆயுள்தான் ஆயுள்.

முத்துக்கே திரும்புவோம். பனித்துளிக் கதைக்கு முடிவு ஜப்பானில் ஏற்பட்டது. மிக்கிமோத்தோ 1893-இல் அரை முத்தை விளைவித்தார்; 1907-ஐ ஒட்டி நிஷிகாவா, மிஸே என்ற இருவர், சிப்பியின் மேலாடைத் தசைத் துண்டு ஒன்றை மணியோடு சேர்த்து உள்ளே வைத்தால் உருண்டை முத்து விளையும் என்று கண்டார்கள். அந்தத் தசைதான் முத்துப் பையாக வளர்ந்து, மணியின்மேல் பூச்சுப் பூச்சாகப் பூசுகிறது. ஜப்பானியர் இவ்வித்தையை அந்நியருக்கு எளிதில் கற்றுத் தருவதாயில்லை. காயலுக்குக் குதிரை கொண்டுவந்தவர்களின் புத்திதான். வியாபாரத்தில் அது இயல்பே. நம் சென்னை மாகாண மீன்துறையார் 1930-களில் குருசடைத் தீவில் சிப்பி வளர்த்துப் பார்த்தார்கள். உருண்டை முத்து கைகூடவில்லை.

கடலிலோ சிப்பி அருகி வந்தது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் தூத்துக்குடியில் சலாபம் கூடியது. 1961-க்குப் பின் கூடவேயில்லை. இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் நின்றுபோன அந்த ஊரிலேயே, மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி என்ற விஞ்ஞானி, வடக்கே வேப்பலோடையில் சிப்பிகளை வளர்த்து, எந்தத் தசையை எங்கே, எப்படி வைப்பது என்று தாமே சோதித்துச் சோதித்து, 1973 ஜூலையில் உருண்டை முத்தை விளைவித்தார். கடலில் சிப்பி இல்லாத குறைக்கும் பரிகாரம் தேடி, 1981-இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்திலேயே சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தார்கள். செய்முறையை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளாக, அளவும் நாளும் குறித்து அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்கள்.